வீட்டு முட்டைக்கு எந்தக் கோழி? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இனம் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் முட்டைக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது. தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் வண்டி வந்து அட்டையை இறக்கிவிட்டுப் போகிறது. கூண்டில் லட்சக்கணக்கில் வளரும் பண்ணைக்கோழியின் முட்டை விலையை, வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவர் ஒருநாளும் எட்ட முடியாது. அதனால் கடை முட்டையை விட மலிவாக வேண்டும் என்ற எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம். தோட்டத்துப் பூச்சியும் புல்லும் அடுப்படியில் மிஞ்சியதும் முட்டையாக வேண்டும், அன்றன்று இட்டது பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும், மிச்சத்தை நாட்டு முட்டை விலைக்கு அக்கம்பக்கத்தில் கொடுக்க வேண்டும் என்றால் தாராளமாக வளர்க்கலாம். எந்த இனம் என்ற கேள்விக்கு இந்த நோக்கத்தை வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு விஷயம் உண்டு. நன்றாக அடை காக்கும் கோழி முட்டை குறைவாக இடும். நிறைய முட்டையிடும் கோழி அடையே உட்காராது. இரண்டையும் ஒரே கோழியிடம் எதிர்பார்க்கிறவர்கள்தான் மாற்றி மாற்றி இனம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். சின்ன மந்தைக்கு என் யோசனை, இட ஒரு இனம், அடை காக்க வேறொரு இனம் என்று பிரித்து வைப்பது. அதற்கு எப்படிப் போவது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் முட்டைக் கணக்கு

நான்கு பேர் உள்ள வீடு, ஆளுக்குத் தினம் ஒரு முட்டை என்றால் வாரம் 28 முட்டை. சிறுவிடை நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு இருபது கோழிக்கு மேல் வேண்டும். ஆண்டுக்கு 170 முட்டை இடும் கிராமப்ரியா மாதிரி இனம் என்றால் எட்டு, ஒன்பது கோழி போதும். வாரத்துக்கு ஐந்து, ஆறு இடும் பண்ணை ரகக் கலப்பினம் என்றால் ஐந்தாறு கோழியிலேயே வேலை முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் சேவல் வராது. முட்டையிட கோழிக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல், அதுவும் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று. அம்மாபேட்டை, சூரமங்கலம் மாதிரி நெருக்கமான தெருவில் வீடு இருந்தால் சேவல் இல்லாமலே வளர்த்துவிடலாம். விடியற்காலைக் கூவலால் பக்கத்து வீட்டோடு சண்டை வராது.

படி 2: உங்கள் இடம் சமவெளியா, மலையா

ஒரே மாவட்டம்தான். ஆனால் கோழிக்கு இது இரண்டு நாடு மாதிரி. சேலம் நகரம், ஓமலூர், எடப்பாடி, ஆத்தூர்ப் பக்கமெல்லாம் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே பிரச்சினை வெயில் இல்லை, ஈரமும் மூடுபனியும்தான்.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 32 டிகிரிக்கு மேல் போனால் தீவனம் எடுப்பது குறையும். மூச்சு வாங்க வாங்க ரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியேறி, ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட் குறைந்துபோகும். கோடையில் ஓடில்லாத தோல் முட்டையும் மெல்லிய ஓடும் வருவதற்கு இது ஒரு காரணம். உடல் கனமாக இருக்க இருக்க இந்தத் தொல்லை அதிகம். ஆகவே சமவெளியில் உடல் மெலிந்த இனம், இல்லையென்றால் கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழி நல்லது. கழுத்தறுத்தானுக்கு உடம்பிலும் மற்றக் கோழியை விட இறகு குறைவு, அதனால் சூடு சீக்கிரம் வெளியேறும். பார்க்க அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். வெயில் காலத்தில் அது தொடர்ந்து இடுவதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

மலையில் கனத்த இனங்கள் நன்றாகவே நிற்கும். ரோடு ஐலண்ட் ரெட், கருப்பு ஆஸ்ட்ரலார்ப், வனராஜா எல்லாம் அங்கே வசதியாக இருக்கும். ஆனால் தரையில் பரப்பிய கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். அதனால் இனத்தை யோசிப்பதற்கு முன்னால் தரையை உயர்த்தி, சாரல் அடிக்காமல் கூரையை இறக்கிவிடுங்கள். காபித் தோட்டத்துக்குள் மேய விடுகிறவர்கள், பூச்சிமருந்து அடித்தால் அதன் வீரியம் தீரும்வரை கோழியை அடைத்தே வைக்க வேண்டும்.

படி 3: மேய்ச்சலா, அடைப்பா

காலையில் திறந்துவிட்டு மாலையில் கொடாப்பில், அதாவது மூங்கில் கூடையில், கவிழ்க்கும் வளர்ப்பா, முழுநேரம் வலையடைத்த கொட்டகையா? மேய்ச்சலுக்கு விடும் கோழிக்கு ஓடத் தெரிய வேண்டும், பருந்து நிழல் கண்டால் புதரில் பதுங்கத் தெரிய வேண்டும். அந்தச் சாமர்த்தியம் சிறுவிடைக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. வெள்ளை லெகார்ன் சுறுசுறுப்பான கோழிதான், ஆனால் அதன் வெள்ளை நிறம் பருந்துக்கும் கீரிக்கும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கிராமப்ரியா, வனராஜா முதலியவற்றைப் பல நிறத்தில் உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்காட்டில் இரவில் மரநாய் வரும். அங்கே கொடாப்பு மட்டும் போதாது. கதவுள்ள, அடியில் வலை அடித்த கூண்டு வேண்டும்.

முழு அடைப்பு என்றால் தீவனம் முழுக்க உங்கள் கையிலிருந்துதான். அப்போது சிறுவிடையை வளர்ப்பது வீண் செலவு. நாளுக்கு 110 கிராம் தின்று பத்து நாளில் எட்டு முட்டை இடும் கோழி, ஒரு முட்டைக்குச் சுமார் 140 கிராம் தீவனம் எடுக்கிறது. 140 கிராம் தின்று பத்து நாளில் நான்கு இடும் கனத்த கோழிக்கு ஒரு முட்டைக்கு 350 கிராம் ஆகிறது. மேய்ச்சலில் இருக்கும் சிறுவிடைக்கு நீங்கள் 40 கிராம் தானியம் போட்டு, அது பத்து நாளில் இரண்டு இட்டால், உங்கள் கைச்செலவு முட்டைக்கு 200 கிராம். அதே சிறுவிடையை அடைத்துப்போட்டு வளர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். இனத்தின் முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 4: இனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

சிறுவிடை: நம் ஊர்க் கோழி. ஒரு ஈட்டுக்கு, அதாவது இடும் ஒரு சுற்றுக்கு, 12 முதல் 15 முட்டை இட்டு அடை உட்காரும். 21 நாள் அடை, அப்புறம் இரண்டு மாதம் குஞ்சோடு திரிவது. ஆண்டில் பெரும்பகுதி இதிலேயே போவதால்தான் முட்டை குறைகிறது, இடும் திறன் மோசம் என்பதால் இல்லை. குஞ்சு வேண்டாத ஈட்டில் முட்டையை அன்றன்று எடுத்துவிட்டு, அடை வந்ததும் அடியில் காற்று போகும் கம்பிக் கூண்டில் தீவனம் தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் அடை தெளிந்து இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி இட ஆரம்பிக்கும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது எல்லாம் கோழியை வதைப்பதுதான், கூண்டு போதும்.

பெருவிடை, அசில் வகை: முட்டைக்கு வேண்டவே வேண்டாம். உருவம் பெரியது, தீனி அதிகம், முட்டை சிறுவிடையை விடக் குறைவு. பெட்டைகள்கூட மற்றக் கோழியைக் கொத்தி விரட்டும். கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கம்பீரமாக நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, முட்டைக் கோழியோடு சேர்த்து விடாதீர்கள்.

கடக்நாத் என்ற கருங்கோழி: மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் இனம், 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டுக்கு நூறு முட்டையை ஒட்டித்தான் இடும். இறைச்சி கருப்பு, முட்டை ஓடு வெளிறிய பழுப்புத்தான். கருப்பு முட்டை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். முட்டைக்காக மட்டும் இதை வாங்குவது பணத்துக்குக் கேடு.

வனராஜா, கிரிராஜா: முன்னது ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தில் உருவானது, பின்னது பெங்களூரில். இரண்டும் இறைச்சி, முட்டை இரண்டுக்குமானவை. கொல்லைப்புற வளர்ப்பில் வனராஜா 100 முதல் 120 வரை இடும். சேவல் வேகமாக எடை போடும் என்பதால் ஆண் குஞ்சை விற்றுக் காசாக்கலாம். சேலத்துக் கோடையில் இரண்டுமே திணறும். மலையில் பரவாயில்லை.

கிராமப்ரியா: அதே ஐதராபாத் இயக்ககம் முட்டைக்காகவே கொடுத்தது. மேய்ச்சலில் 160 முதல் 180 முட்டை, பழுப்பு ஓடு, வனராஜாவை விட இலேசான உடல். மேய்ச்சல் வசதி உள்ள சமவெளித் தோட்டத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெங்களூரின் சுவர்ணதாராவும் 180-ஐ ஒட்டி இடக்கூடியது. இசத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனத்தின் காரி நிர்பீக்கும் காரி ஷ்யாமாவும் 200-ஐ ஒட்டி இடும் என்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் குஞ்சு கிடைப்பது அரிது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியும் நாமக்கல் கோழியும் நம் தட்பவெப்பத்திலேயே வளர்ந்தவை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் குஞ்சு எப்போது கிடைக்கும் என்று கேட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரோடு ஐலண்ட் ரெட், கருப்பு ஆஸ்ட்ரலார்ப்: இவை கலப்பில்லாத தனி இனங்கள். நல்ல வம்சமும் நல்ல தீவனமும் இருந்தால் 200-ஐ ஒட்டி இடும். அடை உட்காருவது அபூர்வம். சாதுவானவை, சிறுபிள்ளைகள்கூடத் தூக்கலாம். இவற்றின் பெரிய நன்மை, முட்டையைப் பொரித்தால் தாய் மாதிரியே குஞ்சு வரும். கிராமப்ரியா போன்ற கலப்பினங்களின் முட்டையைப் பொரித்தால் அடுத்த தலைமுறை கலைந்துபோகும். ஒன்று நன்றாக இடும், ஒன்று இடாது. வீட்டிலேயே மந்தையைத் தொடர விரும்புகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைச் சொல்லிவிடும்.

வெள்ளை லெகார்னும் பி.வி. 300, பி.வி. 380 போன்ற பண்ணைக் கலப்பினங்களும்: முழுத் தீவனமும் வெளிச்சமும் கொடுத்தால் ஆண்டுக்கு 250-ஐத் தாண்டும். பி.வி. 380 பழுப்பு முட்டையிடும், ஓரளவு அமைதியானது, கொல்லைக் கொட்டகைக்கு வெள்ளையை விட ஒத்துவரும். ஆனால் தீவனத்தில் ஒரு வாரம் குறை வைத்தாலும் முட்டையில் உடனே தெரிந்துவிடும். தவிடும் சோறும் போட்டு வளர்க்கிற கோழி இல்லை இது.

ஓட்டின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பு முட்டை என்பதால் சத்து கூடுதல் என்று எதுவும் இல்லை, நிறம் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறமாக வேண்டுமானால் முருங்கைக்கீரை, அகத்தி, மக்காச்சோளம் கொடுங்கள். எந்த இனமும் அந்த நிறத்தைத் தரும்.

படி 5: இடும் இனம், அடை இனம் — சேர்த்து வைக்கும் முறை

சின்ன மந்தைக்கு நான் மனதார நம்பும் அமைப்பு இதுதான். எட்டு ரோடு ஐலண்ட் ரெட் அல்லது ஆஸ்ட்ரலார்ப் பெட்டை, அதே இனத்தில் ஒரு சேவல், கூடவே இரண்டு சிறுவிடைப் பெட்டை. முட்டைத் தேவையைப் பெரிய கோழிகள் பார்த்துக்கொள்ளும். சிறுவிடை அடை வந்ததும் அதன் அடியில் பெரிய கோழியின் முட்டையை வையுங்கள். தன் முட்டையில் 12 வைக்கும் கோழிக்கு இவற்றில் எட்டு, ஒன்பதுக்கு மேல் வேண்டாம், ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். ஏழு நாளுக்கு மேல் எடுத்து வைத்த முட்டை, கழுவிய முட்டை, குளிர்பெட்டியில் இருந்த முட்டை மூன்றையும் அடைக்கு வைக்காதீர்கள். ஒரே ஒரு கண்டிப்பு: அடைக்கு எடுக்கும் முட்டைகள் சேகரிக்கும் நாளில் வேறு இனச் சேவல் உள்ளே இருக்கக் கூடாது. பழைய சேவலை விலக்கி மூன்று வாரம் போன பிறகுதான் அந்த முட்டையை நம்பலாம்.

கலப்பினம் வளர்க்கிறவரும் சிறுவிடையைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். ஒரு நாள் குஞ்சு வாங்கும் தேதி தெரிந்தால் அதற்கு மூன்று வாரம் முன்பே சிறுவிடையை நாலைந்து முட்டையில் உட்கார வையுங்கள். குஞ்சு வந்த அன்று இரவு, விளக்கை அணைத்துவிட்டு, முட்டைகளை எடுத்துக்கொண்டு குஞ்சுகளை அடியில் தள்ளிவிடுங்கள். விடிந்ததும் தன் குஞ்சு என்றே கூட்டிக்கொண்டு திரியும். பல்ப் வைத்துச் சூடு காட்டும் வேலை மிச்சம். மின்சாரம் போனாலும் கவலையில்லை. ஒரு சிறுவிடைக்கு 12 குஞ்சுக்கு மேல் வேண்டாம். குஞ்சுகள் இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் தாய் ஏற்காமல் கொத்தும், அதில் மட்டும் கவனம்.

படி 6: எந்த வயதில், எந்த மாதத்தில், யாரிடம்

கிராமப்ரியா, வனராஜா மாதிரியான இனங்களை ஆண், பெண் பிரிக்காமல்தான் விற்பார்கள். பத்துப் பெட்டை வேண்டுமானால் இருபது குஞ்சு வாங்க வேண்டியிருக்கும். பண்ணை முட்டைக் கலப்பினம் பெட்டையாகவே பிரித்துக் கிடைக்கும். முதல்முறை வளர்க்கிறவர் ஆறு முதல் எட்டு வார வெடக்கோழி (இன்னும் இட ஆரம்பிக்காத இளங்கோழி) வாங்குவது நல்லது. தடுப்பூசியில் பாதி முடிந்திருக்கும், பால் வேறுபாடும் தெரிய ஆரம்பித்திருக்கும்.

தெருவில் சைக்கிளில் கொண்டுவரும் சாயம் போட்ட கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்குத் தேவைப்படாத ஆண் குஞ்சுகள். அவற்றிலிருந்து முட்டை வரவே வராது. அதேபோல் சந்தையில் “முட்டைக்கோழி” என்று மலிவாகக் கிடைப்பவை பல சமயம் பண்ணையில் 72 வாரம் தாண்டிக் கழித்த கோழிகள். கூண்டில் தேய்ந்த இறகும், வெளுத்துச் சுருங்கிய கொண்டையும், நீண்ட நகமும் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும்போது கோழியைத் திருப்பி, பின்புறம் ஆசனவாயின் இருபக்கமும் உள்ள இடுப்பெலும்பு நுனிகளுக்கு இடையில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று விரல் நுழைந்து, அந்த இடம் ஈரமாக மெத்தென்று இருந்தால் இப்போது இட்டுக்கொண்டிருக்கிற கோழி. ஒரு விரல்தான் போகிறது, உலர்ந்து சுருங்கியிருக்கிறது என்றால் இன்னும் இட ஆரம்பிக்காததோ நிறுத்திவிட்டதோ.

சமவெளியில் ஆனி, ஆடியில் குஞ்சு எடுத்தால் கார்த்திகை, மார்கழிக்கு இட ஆரம்பித்து, கோடைக்கு முன் முழு வேகத்துக்கு வந்துவிடும். முதல் முட்டையே சித்திரை வெயிலில் வரும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்காட்டில் கணக்கு வேறு: மாசி, பங்குனியில் எடுத்தால் மழைக்கு முன் குஞ்சுகள் இறகு மூடித் தேறிவிடும்.

குஞ்சு விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எந்த இனத்தின் எந்தத் தலைமுறை, மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான ஊசி முதல் நாளே போட்டார்களா, தாய் மந்தை எங்கே இருக்கிறது. பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் நாமக்கல் கல்லூரியும் வழி காட்டும். “அசில் கிராஸ்” என்ற பெயரில் விற்பவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பதுண்டு. கறிக்கு ஓகே, முட்டைக்கு அந்தப் பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

படி 7: இனத்துக்கேற்ற தீவனமும் வெளிச்சமும்

இடும் கோழிக்கு 10 கிலோ கலவை: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 2.2 கிலோ, அரிசித் தவிடு 1.2 கிலோ, கிளிஞ்சல் தூள் 900 கிராம், உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 500 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். முழு அடைப்பில் தலைக்கு 110 கிராம். நன்றாக மேய்கிற கோழிக்கு மாலையில் இதில் பாதி. இட ஆரம்பிக்காத வெடக்கோழிக்கு இந்தக் கிளிஞ்சல் அளவைக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் கெடும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியை நன்றாகக் காயவைத்து, மக்காச்சோளத்தில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பச்சையாக வேண்டாம், புரதமும் அதில் இல்லை. ஏற்காட்டில் மக்காச்சோளமும் பிண்ணாக்கும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மாதக் கணக்கில் வாங்கி அடுக்காமல் இரண்டு வாரத்துக்கு வாங்குங்கள்.

சேலத்தில் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். பண்ணைக் கலப்பினம் முழுமையாக இட 15, 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். விடிவதற்கு முன் மூன்று மணி நேரம் ஒரு சின்ன பல்ப் போடுங்கள்; இரவில் போட்டுத் திடீரென்று அணைத்தால் கோழிகள் கம்பில் ஏறாமல் தரையிலேயே நின்றுவிடும். சிறுவிடைக்கு இதெல்லாம் தேவையில்லை. மூடுபனி நாட்களில் மலையில் எந்த இனமானாலும் ஒரு பல்ப் உதவும்.

படி 8: தடுப்பூசி

எந்த இனம் வாங்கினாலும் வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட் நோய் ஒரே வாரத்தில் கொட்டகையைக் காலி செய்துவிடும். நாட்டுக்கோழிக்கு வராது என்பது தவறு. அதற்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, இரண்டாம் வாரம் கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கான மருந்து, நான்காம் வாரம் மீண்டும் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் அதே நோய்க்கு ஆர்.டி.வி.கே ஊசி. அம்மைக்கு ஆறாம் வாரம். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். அரசு கால்நடை மருந்தகங்கள் வழியாக வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி முகாமும் நடக்கும். உங்கள் ஊருக்கு எப்போது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: எப்போது கழிப்பது

கலப்பினம் முதல் ஆண்டில்தான் கொட்டும். இறகு உதிர்த்து மீண்டு வந்த பிறகு முட்டையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு மேல் தீவனம் போட்டு வைப்பது முட்டைக் கணக்கில் கட்டாது. ரோடு ஐலண்ட் ரெட்டுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான், ஆண்டுதோறும் பாதியை மாற்றிவந்தால் முட்டை ஒரேயடியாக நிற்காது. நல்ல அடைக்கோழியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குஞ்சைப் பருந்துக்குக் கொடுக்காமல் வளர்க்கும் சிறுவிடை, முட்டை குறைந்தாலும் நான்கைந்து ஆண்டு வைத்திருக்கத் தகுந்தது. அதன் பெட்டைக் குஞ்சுகளில் ஒன்றை அடுத்த அடைக்கோழியாக இப்போதே அடையாளம் பார்த்துக் காலில் ஒரு வளையம் போட்டுவிடுங்கள்.